ஏழெட்டு ஐம்பத்திநாலு

ஆனி பிறந்ததும் வண்டிக்குக் கண் மறைக்க ஆரம்பித்தது.
மேலகரத்தில் எடுத்து
காசிமேஜர்புரம் தாண்டுவதற்குள்
முன்கண்ணாடி முழுக்க இட்லிச்சட்டி மூடி.
துடைத்த துணியை மடிப்பதற்குள்
துடைத்த இடம் மறுபடி வெள்ளை.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி. அதற்குள்
காபி குடிக்காமல் காத்திருந்தவர்களின்
இருபத்திரண்டு குழாய் ரத்தம்.
எதிரே வருவது பஸ்ஸா, பசுவா,
துண்டைத் தோளில் போட்டு
அருவிக்கு நடக்கும் கூட்டமா,
எல்லாம் ஒரு உத்தேசம்தான்.

தொண்ணூத்தெட்டு மாடல் ஜென்.
புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை வேலாயுதக்கண்ணு
நாற்பத்தெட்டு சொல்லி நாற்பத்தொன்றுக்குத் தந்தது.
டிக்கியில் எங்கேயோ ஒரு காய்ந்த எலுமிச்சை.
தேடினால் அகப்படாது,
திருப்பத்தில் உருளும்.
இடப்பக்கக் கண்ணாடியில், பனி மூடினால் மட்டும்,
யாரோ பிள்ளை விரலால் போட்ட கணக்கு எழும்பும்:
7 x 8 = 54.

பிச்சை மைதீன் பானட்டைத் திறக்காமலே சொன்னார்:
“ஹீட்டர் கோர் போயிருக்கும்க்கா.
டேஷ்போர்டை இறக்கணும். நாலாயிரத்து ஐந்நூறு.
ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க.”
ரெண்டு நாள் ரத்தத்தை யார் தலையில் சுமக்க?

நரம்பைத் தடவிப் பார்க்காமல்
ஊசி இறக்குகிறவள் இல்லை நான்.

கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து
விரலை முகர்ந்தேன்.
கூலன்ட் என்றால் பிசுக்கு இருக்கும்,
இனிப்பு வாடை இருக்கும்.
இது நனைந்த சாக்கு.
ஆனாலும் சந்தேகம். கூலன்ட் டப்பாவில்
தண்ணீர் நின்ற மட்டத்தில்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.
ஐந்து நாள், கடையம் வரை போய்வந்தும்
பொட்டுக்கு நேரே நின்றது.
ஹீட்டர் நிரபராதி.

காற்று லீவர் உள்பக்கமே இறுகிக் கிடந்தது.
தேங்காய் எண்ணெய் விட்டு,
திட்டி,
நகர்த்தினேன்.
என் மூச்சையே எனக்குத் திருப்பி ஊட்டிக்கொண்டு
இத்தனை நாள் ஓடியிருக்கிறது.
பாதி வெள்ளை விலகியது.
பாதி, போகமாட்டேன் என்றது.

இடப்பக்க மேட்டைத் தூக்கினால்
அடியில் கம்பளம், பிழிந்தால் ஒரு டம்ளர்.
மேலே மாலைப் பேப்பரை விரித்துவைத்து,
சாரல் விட்ட ஞாயிற்றுக்கிழமை
குடத்தில் ஒரு கை மஞ்சள்தூள் கரைத்து
வைப்பருக்குக் கீழே சல்லடை மேல் ஊற்றினேன்.
மாடியிலிருந்து ஆக்னஸ் கேட்டாள்:
“யக்கா, வண்டி சமைஞ்சிட்டா?”
சிரித்ததில் பாதி மஞ்சள் சேலையில்.

பத்து நிமிடம்.
வேலைவாய்ப்புப் பக்கம் மஞ்சளானது.

சல்லடையைக் கழற்றி முழங்கை வரை விட்டேன்.
லேப் வாசல் நிழலென்று
தினமும் நிறுத்துகிற புளியமரம்
உள்ளே வந்து குடியிருந்தது.
இலை என்று சொல்ல முடியாது, துவையல்.
வடிகால் வாயை அப்பிக்கொண்டு
மழையை உள்ளே அனுப்பியிருக்கிறது.
சைக்கிள் ஸ்போக்கால் குத்தினேன்.
டயருக்குப் பின்னால் மடமடவென்று
கறுப்புத் தண்ணீர் இறங்க இறங்க
கட்டி உடைந்தவன் முகம் வந்தது வண்டிக்கு.

கம்பளம் காய நாலு நாள்.
அடுத்த வியாழன் மத்தளம்பாறைத் திருப்பத்தில்
மலை தெரிந்தது.
உச்சியில் வெள்ளை. அது மலையின் பாடு.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.
இடப்பக்கக் கண்ணாடி வெறிச்சென்று கிடந்தது.
சீட் பெல்ட்டைத் தளர்த்தி, எட்டிச் சாய்ந்து
ஹா என்று ஊதினேன்.
ஐம்பத்திநாலு.
இன்னும் தப்பாகவே இருந்தது.
சின்னதாக ஐம்பத்தாறு எழுதலாமா என்று
விரல் போனது.
அதற்குள் கேட் திறந்து
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்க,
டிக்கியில் எலுமிச்சை
ஒருமுறை உருண்டு நின்றது.