நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்

பஸ் யன்னல் கண்ணாடி உடைந்து இறங்கியது
முழங்கையின் உட்பக்கம்,
தெரியாமல் எங்காவது இடித்துக்கொண்டால்
சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அந்தக் குழியில்.
அன்றைக்கு அடிக்கவில்லை.
ரிக்கற் புத்தகம் முழுக்க இரத்தம்.
ஆவரங்கால் சந்தியில் இறங்க இருந்த மனிசி
மிச்சக் காசு கேட்காமல் இறங்கிப்போனா.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் என்னைவிடச் சின்னப் பெடியன்.
"உறையைத்தான் தைச்சிருக்கிறன் அண்ணை.
வெட்டுக்குக் கீழ உள்ள இழையெல்லாம் செத்துப்போகும்,
வெறும் குழாய்தான் கிடக்கும்.
மேலயிருந்து புது முளை அதுக்குள்ளால இறங்கவேணும்."
எவ்வளவு நாள் பிடிக்கும்?
"நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்."

மனைவியின் தையல் நாடாவால் அளந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
அடுத்த பொங்கலும் தாண்டும்.

பயிற்சி தருகிற டெல்சியா மிஸ் சொன்னா,
நல்ல நரம்பில் செய்தி ஓடுவது
நொடிக்கு ஐம்பது அறுபது மீற்றராம்.
ட்ரைவர் குணரூபன் ஸ்டியரிங்கில் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான்:
"மணித்தியாலத்துக்கு இருநூறு கிலோமீற்றரோ!
வல்லை வெளியில காத்து பின்னால தள்ளினாலும்
எங்கட வண்டி எழுபதுதான்."

மோதிர விரல்தான் விசித்திரம்.
அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு நரம்பு.
நடுவிரல் பக்கம் நான் இருக்கிறேன்,
மற்றப் பக்கம் ஆளில்லை.
கலியாண மோதிரம் பாதி வட்டம் சூடு,
பாதி வட்டம்
வேறு யாரோ போட்டிருப்பதுபோல.

விரலிடுக்கில் மடித்துச் செருகிய தாள்களில்
கடைசி இடுக்கு ஐநூறு.
அது நழுவுவது எனக்குத் தெரிவதில்லை.
சனம் பொறுக்கித் தரும்.
ஒரு நாள் தரவில்லை.
நெல்லியடித் தேத்தண்ணிக் கடையில்
கிளாசைப் பிடித்தபடி அரசியல் கதைத்துக்கொண்டு நின்றேன்,
கொப்புளத்தைப் பார்த்தது கடைக்காரன்.
என்னுடைய விரல் வெந்ததை
இன்னொருவன் சொல்லித்தான் நான் அறியவேண்டியிருந்தது.

தலைக்குள்ளும் ஒரு துண்டுக் காணி இருக்கிறதாம்,
சுண்டுவிரலுக்கென்று எழுதினது.
அங்கே செய்தி ஒன்றும் வராவிட்டால்
பக்கத்து விரல்காரர் சும்மா இருப்பார்களா?
இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நடுவார்கள்.
கனடாவில் இருப்பவனின் வளவுக்கு நடப்பதுதான்.
திரும்பி வரும் நரம்பு
முதலில் வழக்குப் பேசவேண்டும்.

மிஸ் முழங்கையிலிருந்து கீழே
ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு வருவா, மெதுவாக.
எந்த இடத்தில் தட்டச் சுண்டுவிரலில் எறும்பு ஊருகிறதோ
அந்த இடத்தில் முளை நிற்கிறது.
பேனையால் அதில் ஒரு புள்ளி.
மாதம் ஒரு புள்ளி.
குளிக்கும்போது அதை நனையாமல் பார்த்துக்கொள்வேன்.

"எவ்விடத்தில நிக்குது?" என்று கேட்பான் குணரூபன்,
முழங்கை யாழ்ப்பாணம், விரல்நுனி பருத்தித்துறை.
"இப்பதான் கோப்பாய்."
புரட்டாதியில் நீர்வேலி.
மார்கழி மழைக்கு அச்சுவேலி.
"ஏறின சனம் இறங்கி நடந்திருக்கும் மச்சான்."
மணிக்கட்டு வல்லைப் பாலம்.
அதில் கன நாள் நின்றது, அல்லது
நின்றதாக எனக்குப் பட்டது.
பாலத்தில் எப்போதும் காற்றுத்தானே.

பிறகு நோ வரத் தொடங்கியது.
நித்திரையில் விரலுக்குள் மீன் முள்.
எழும்பி, லைற்றைப் போட்டு,
மனைவியை எழுப்பிச் சொன்னேன்: நோகுது.
அவள் எழுந்திருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச்
சிரிக்கிறதா இல்லையா என்று தெரியாமல்
தேத்தண்ணி வைக்கப் போனாள்.

எல்லா முளையும் தன் குழாயைக் கண்டுபிடிக்காது
என்று முதலே சொல்லியிருந்தார்கள்.
சில, பஸ் மாறி ஏறிவிடும்.
நேற்று மந்திகையில் மழை.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குடையை மடக்கிக்கொண்டே
ஈரமான இருபது ரூபாக் குத்தியைச்
சுண்டுவிரல் ஓரமாக வைத்தது.
குளிர்ந்தது.
குளிர்ந்தது மோதிர விரல்.
பிழையான வீட்டுக் கதவில் தட்டிய தபால்காரனாக,
ஆனாலும் தட்டியது.

நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
"அண்ணை, மிச்சம்" என்றாள் பிள்ளை.
பிறகு இன்னொரு தரம், சத்தமாக.