அட்சதைச் சோதனை

இரண்டையும் மேசைமேல் வைத்தோம்.
ஒன்று நஜ்முதீனின் மச்சான் பெட்டியில்
கைலிகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
சிங்கப்பூரிலிருந்து வந்தது. புதுசு. எட்டு ஜிபி.
இன்னொன்று ஈரோட்டில் ஏதோ கொட்டகையில்
மூன்று வருஷம் ராப்பகலாகக் காசு தோண்டியது,
கண்ணால் பார்க்க முடியாத காசு.
பதினாறு ஜிபி. ஒரு விசிறி முனகும்.
விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நஜ்முதீன் ரூல்டு தாளில் கோடு கிழித்தான்.
இடம் புதுசு, வலம் பழசு.
கடிகார வேகம்: இடம்.
வாட்: இடம் நூற்றுப் பதினைந்து, வலம் இருநூற்றைம்பது.
"தோசைக்கல் வைக்கலாம்" என்றான்.
வாரண்டி: இடம் மூன்று வருஷம்.
வலம், விற்றவனின் செல் நம்பர்.
(அதுவும் சுவிட்ச் ஆஃப்.)
பஸ் அகலம்: நூற்றிருபத்தெட்டு பிட், இருநூற்றைம்பத்தாறு பிட்.
இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
குளம் எவ்வளவு பெரிசு என்பது ஒன்று,
மதகு எவ்வளவு அகலம் என்பது வேறு.

கூட்டிக் கழித்தால் இடம்தான்.
தாளை மடித்தோம்.

சோதனைக்கு வடபாதிமங்கலத்துக் கல்யாணம்,
பதினோரு நிமிஷத் துண்டு.
புதுசு பறந்தது.
மாப்பிள்ளை அழைப்பு, பட்டு, சரிகை,
நாதஸ்வரக்காரர் கன்னம்,
எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று.
எட்டாவது நிமிஷம். கெட்டிமேளம்.
தாலி ஏறுகிறது. இருநூறு கைகள் உயர்கின்றன.
ஸ்லோமோஷனில் அட்சதை.

நின்றுவிட்டது.

மறுபடி ஓட்டினோம். அதே இடம், அதே ஃபிரேம்.
நினைவகம் போதவில்லை என்றது திரை.
பட்டை ஏமாற்றலாம்; பக்கத்துப் புள்ளியைப் பார்த்து
அடுத்த புள்ளியைச் சொல்லிவிடலாம்.
அரிசி அப்படியில்லை.
காற்றில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் திரும்பும்,
மஞ்சள் ஒட்டிய பக்கம், ஒட்டாத பக்கம்.
இந்த ஜில்லாவில் கல்யாணத்துக்கு வந்தவன்
கிள்ளிப் போடமாட்டான், அள்ளித்தான் போடுவான்.
அட்டைப்பெட்டியில் இதை எவனும் அச்சடிக்கவில்லை.

பழசை மாட்டினேன்.
முனகியது, சூடேறியது,
பட்டுக்கே மூச்சு வாங்கியது.
கெட்டிமேளம் வந்தபோது நாங்கள் இருவரும் பேசவில்லை.
தாண்டிவிட்டது. ஒரு மணி விடாமல்,
பெண்ணின் புருவத்தில் தங்கிய ஒன்று உட்பட.
பத்தொன்பது நிமிஷம், ஐந்து விநாடி.
நஜ்முதீன் தாளைப் பிரித்து
வலப்பக்கம் பெரிசாக ஒரு டிக் போட்டான்.

அப்போது மணி நாலு.

ஏழு மணிக்கு அதே கார்டு, அதே அரிசி.
ஆரம்பிப்பதற்குள் யுபிஎஸ் கத்தியது.
ஸ்டெபிலைசர் முள் நூற்று எழுபதில் நடுங்கியது.
வெளியே வெண்ணாறு மணலாகக் கிடக்க,
கூத்தாநல்லூரைச் சுற்றி அத்தனை போர்செட்டும்
நாற்றங்காலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.
கடைமடைக்குத் தண்ணீர் மட்டுமா
கடைசியில் வரும்?

எட்டை வலங்கைமான் பையன் ஒருவனுக்கு விற்றோம்.
அவன் விளையாட்டில் சுடுவார்கள், வெட்டுவார்கள்;
அட்சதை போடமாட்டார்கள்.

பதினாறு என்னிடம் இருக்கிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து முள்ளைப் பார்க்கிறேன்.
நூற்றெண்பது. படுக்கிறேன்.
மூன்றரைக்கு நூற்றெண்பத்தைந்து.
வைகாசியில் தாலி கட்டிய ஏழு ஜோடி
இன்னும் ஹார்டு டிஸ்கில் கை உயர்த்தியபடி.
பெண்வீட்டார் போனை எடுப்பதில்லை நான்.

நேற்று மேட்டூர் திறந்தார்கள்.
கல்லணைக்கு மூன்று நாள்,
அங்கே பூப்போட்டு இறக்கி,
மூணாறு தலைப்பில் பிரித்து,
வெண்ணாற்றில் முறை வைத்து விட்டால்
மோட்டாரை நிறுத்துவார்கள்.
நிறுத்தினால் முள் இருநூற்றிருபது ஏறும்.

ஒரு குழி நிலம் எனக்குக் கிடையாது.
ஆனாலும் நீடாமங்கலத்து லஸ்கர் நம்பரை வாங்கி
இன்று காலையிலேயே கூப்பிட்டேன்,
தண்ணி எப்பங்க வரும் என்று.

"நமக்கு எத்தனை மா நடவுங்க?" என்றார்.

பதினாறு என்றேன்.