மூன்றாவது துளை

நிமிடத்துக்கு எண்பது ரூபாய்.
கொழும்பில் ஆரோ கூட்டம் வைத்துப் பேசியதைக்
கல்லடி உப்போடையில் இருந்து கேட்டு
எழுத்தாக்கிக் கொடுக்கிறேன்.
குரல்கள் வரும். குரல்களுக்கு அடியில்
ஒரு ம்ம்ம்ம்.
மவுஸை அசைத்தால் அதோடு ஒரு நுளம்பு.
பக்கத்தை உருட்டினால் எதையோ கொறிக்கும்.
மீன் பாடுது என்றான் தயானுஜன்.
இந்த ஊரில் பிறந்த எல்லாரும்
ஒருதரமாவது சொல்லித் தீர்க்கவேண்டிய பகிடி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒருவர்
சம்மதம் என்றாரா, சம்மதமில்லை என்றாரா?
ஏழு தரம் பின்னுக்குப் போய்க் கேட்டேன்.
மறுகா, இல்லை என்றே எழுதி அனுப்பினேன்.

"கம்ப்யூட்டர்ர வயித்துக்குள்ள எல்லாம் நெருக்கமா இரிக்கி,
சவுண்ட வெளியால எடுக்கணும்" என்றார்
காத்தான்குடிக் கடையில் இல்ஹாம்.
"ஒங்கட ஹெட்போன் எத்தின ஓம்?"
ஓம் என்றேன் நான், கேள்வி விளங்காமல்.
அவர் பாவம், சிரிக்காமல் அதை வாங்கித் திருப்பி
முப்பத்திரண்டு என்று தானே வாசித்தார்.

கண்ணாடி அலுமாரியில் இரண்டு பெட்டி.
ஒன்று தீப்பெட்டி மாதிரி, பதினோராயிரம்.
மற்றது கறுப்பு, கனதி, முன்னால் ஒரு குமிழ்,
முப்பத்தெட்டாயிரம்;
நானூற்று எழுபத்தைந்து நிமிடம் பிறர் பேச்சு.
மோட்டார்சைக்கிளுக்கு ரெண்டு டயரும் போட்டு
மிச்சமும் பிடிக்கலாம் என்றான் தயானுஜன்.
நான் குமிழைத் திருகினேன்.
தேங்காயெண்ணெய்க்குள் திரும்புவதுபோல் திரும்பியது.
எதிலும் கொழுவியிருக்கவில்லை, சத்தமும் இல்லை,
அந்தத் திருகலுக்கே காசைக் கொடுத்திருப்பேன்.
"ரெண்டு நாள் வெச்சிப் பாருங்க தங்கச்சி,
புடிக்கல்லண்டா கொண்டாங்க."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
அன்றிரவு குரல்கள் துலங்கின:
ஒருவருக்குத் தடிமன், ஒருவருக்குப் பொய்ப்பல்.
ம்ம்ம்மும் துலங்கியது.
முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு
முழுசாக, வட்டமாக, ஆழமாக
ம்ம்ம்ம்ம்.

எரிச்சலில் கணினியின் இரும்பில் கையை வைத்தேன்.
விரலில் எறும்பு ஊர்ந்தது.
சத்தம் பாதியாகியது.
எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது.
சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு
அப்போது நான்தான் கம்பி.
ஒற்றைக் கையால் தட்டச்சி
அந்த இரவை ஒப்பேற்றினேன்.

அரசரெத்தினம் வந்து பிளக்கைக் கழற்றினார்.
மூன்று துளை, இரண்டு வயர்.
மூன்றாவதன் பின்னால் கொஞ்சம் சீமெந்துத் தூள்,
இரண்டு பல்லிமுட்டைக் கோது.
கடல் வந்துபோன பிறகு கட்டின வீடு.
அவசரமாகக் கட்டினார்கள்,
அவசரமாகக் குடிபுகுந்தோம்.
பதினெட்டு வருசம்
மூன்று காலையும் நம்பிச் செருகியிருக்கிறோம்.
"ஏர்த்தே இல்லையே புள்ள."

முற்றத்தில் எட்டடிச் செப்புக்கம்பியை நட்டுச்
சம்மட்டியால் அடித்தார்.
மணல் ஒன்றும் சொல்லாமல் விட்டுக்கொடுத்தது.
நாலடியில் தண்ணி, உப்புத் தண்ணி.
"கரண்டுக்குத் திறமான மண்" என்றார்.
தேத்தண்ணிக்கு ஆகாது, தலைமயிர் கொட்டுது என்று
நாங்கள் வைது தீர்த்த அதே தண்ணி.

கறுப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொடுக்கமுன் குமிழை இன்னொருக்கால் திருகினேன்.
நுளம்புக்குச் சின்னதே போதும்.

இப்போது குரல்களுக்கு அடியில் ஒன்றுமில்லை.
பழக மூன்று நாள் எடுத்தது.
நாற்பத்தோராவது நிமிடத்தைப் போட்டுக் கேட்கிறேன்.
சம்மதம் என்கிறார் அந்த மனிதர்,
தொண்டையைச் செருமி, ஆறுதலாக.
பின்னால் ஆரோ கதிரையை இழுக்கிறார்கள்.
இல்லை என்று நான் கேட்டது
ஒரு கதிரைக் கால்.

மூன்று கிழமை ஆகிவிட்டது.
காசும் வந்துவிட்டது.
கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்
ஹெட்போனைக் கழற்றாமல் இருக்கிறேன்.