மூன்றாம் கதவு

ஐந்து கதவு வேண்டும் என்றது நாடகம்.
லண்டனுக்கு வெளியே ஒரு மாளிகை,
அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை.
மஞ்சக்குப்பம் மின்வாரிய மனமகிழ் மன்றத்தில்
இருப்பதோ ஒரே கதவு,
அதுவும் கழிப்பறைக்கு.

வெள்ளைக்காரன் கோட்டை வைத்து ஆண்ட ஊர்,
போகும்போது நாலு கதவாவது
விட்டுப்போயிருக்கலாம் என்று
அலுத்துக்கொண்டார் இயக்குநர் பிரகதாம்பாள்.
பகலில் அவர் பில் கட்டும் கவுண்டர்.

கடைசியில் புதுச்சேரியில் இடித்த வீடொன்றின்
பச்சைக் கதவுகள் நான்கு
டாடா ஏஸில் வந்து இறங்கின.
பிரெஞ்சுக் கதவில் இங்கிலீஷ்காரன் நுழையலாமா
என்றான் சவரிநாதன்.
அவன்தான் போலிப் பாதிரி. நிஜத்தில் லைன்மேன்.

மூன்றாம் கதவுக்குக் கீல் இல்லை.
ஆகவே நான்.
இரண்டு மணி நேரம் பின்னால் நின்று
தோளால் தாங்கி,
தட்டினால் திறந்து, அறைந்தால் மூடி.
நோட்டீஸில் பெயர் இல்லை, வசனம் இல்லை,
மூக்கு அரித்தால் கை இல்லை.

மொழிபெயர்த்த தணிகைவேலுக்கு ஒரே கவலை:
மூலத்தில் நாற்பத்தொரு "சாரி".
மிதித்தவனும் சொல்கிறான், மிதிபட்டவனும் சொல்கிறான்.
நம்மூரில் யார்தான் இதைச் சொல்கிறார்கள் என்று
மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார்:
"சிரமத்திற்கு வருந்துகிறோம்."

பணியாள் அதை முதல்முறை சொன்னதும்
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனே எழுந்து சிரித்தது.
"எத்தனாவது பிளாட்பாரம்?" என்றது பின்வரிசை.
அத்தை மடியில் சூப்பைக் கொட்டி வருந்தினார்கள்,
பாதிரியின் கால்சட்டை நழுவ வருந்தினார்கள்,
அலமாரிக்குள் ஒளிந்த மாப்பிள்ளை
தும்மிவிட்டு வருந்தினான்.
கதவு குலுங்கியது. சிரித்தது நான்.

இரண்டாம் அங்கத்தில்தான் அந்த வரி.
அத்தை வேடத்து ஸ்டோர் கீப்பர் முனிரத்தினம்
ஜன்னலோரம் நின்று, சும்மா,
பேச வேறு எதுவும் இல்லாததால்:
"மழை வரும்போல் இருக்கிறதே."

அங்கே இதற்குச் சிரிப்பார்களாம்.
இங்கே நவம்பர்.
முன்னூறு பேர் அண்ணாந்து
கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள்.
எனக்குச் சாவித்துளை வழியே
கொஞ்சம் உப்புக்காற்று.

மூன்றாம் வரிசையில் ஒரு சோனாங்குப்பத்து ஆள்,
குரலில் விளையாட்டே இல்லை:
"துறைமுகத்துல எத்தனாம் நம்பர் ஏத்திருக்கான்?"

சவரிநாதன் திரும்பினான்.
ஒரு கையில் இன்னும் கால்சட்டை,
ஒட்டுத்தாடி பாதி கன்னத்தில்.
தலையை அரை அங்குலம் சாய்த்து,
"மூன்றாம் எண், ஐயா" என்றான்.
"தேநீர் அருந்துகிறீர்களா?"

அந்தச் சிரிப்பில்
நான் கதவை விட்டுவிட்டேன்.

அது அவசரப்படாமல்,
ஒரு கனவானைப் போல,
முன்பக்கம் சாய்ந்து விழுந்தது.
மாளிகையின் நடுக்கூடத்தில்
கைலி, வலைபனியன்,
யாரோ வாயில் திணித்த பாதி பஜ்ஜியோடு
நான்.

அறுநூறு கண்.
என் முதல் வசனம்.
யாரும் எழுதித் தரவில்லை:

"சிரமத்திற்கு..."

மீதியை மன்றமே சொன்னது.