முடி வரைகிறவள்

நான் முடி மட்டும் வரைகிறவள்.
முகமெல்லாம் ஓலாவியுடையது,
விரல்களும் கிதாரும் ஐலாவுடையது.
கழுத்துக்கு மேலே காற்றில் பறக்கிற எல்லாம்
என் பொறுப்பு.

தம்பேரே ஊரில்
பழைய பஞ்சாலை ஒன்றின் மூன்றாம் மாடி.
டிசம்பரில் பிற்பகல் மூன்றுக்கே
ஜன்னல் கரியாகிவிடும்.
என் மேசை விளக்கின் கீழே
ரௌத்தகொர்பி குடும்பம்
தலையை ஆட்டத் தொடங்கும்.

அப்பா தூமோ, டிரம்ஸ்.
பகலில் தெருவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
அம்மா இர்மெலி அடிவயிற்றிலிருந்து உறுமுவாள்.
பகலில் பல் டாக்டர்,
"திற" என்று அவள் சொல்லுமுன்பே
வரவேற்பறைவரை எல்லா வாயும் திறந்துவிடும்.
மகள் வியெனோ.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு மென்மை என்று பொருள்.
அவள் பிறந்து அழுத அழுகையில்
ஆஸ்பத்திரியின் தீயணைப்பு மணி அடித்ததாக
முதல் அத்தியாயத்திலேயே வருகிறது.
கைக்குழந்தை உர்ஹோவுக்கு
ஒரே ஒரு முடி.
மற்ற மூவரின் பத்தாயிரமும் தாளம் தப்பும்,
அது தப்பாது.

ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள்.
ஒரு பாட்டுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டவர்கள்
வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.
என் தலையைப் பற்றிக் கேட்காதீர்கள்.
கம்பளித் தொப்பி போட்டிருக்கிறேன், குளிர்.

ஒன்பதாவது அத்தியாயம்.
பக்கத்து வீட்டு ஹில்லெவி அம்மாள்
துடைப்பக் கட்டையால் சுவரை இடிப்பவள்.
ஆறு வருடமாக, தினமும், ஏழு மணிக்கு.
போலீஸ் வருவார்கள்,
வாசலில் பூட்ஸைக் கழற்றிவைத்து
காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.
அன்று அவள் பனியில் வழுக்கி
இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில்.

ஏழு மணி.
தூமோ தொடங்குகிறார்: ஒன்று, இரண்டு, மூன்று,

பாட்டு நொண்டுகிறது.
மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று,

குச்சியைப் பார்க்கிறார். டிரம்மைப் பார்க்கிறார்.
பிறகு சுவரைப் பார்க்கிறார்.
நாலாவது அடியை
இத்தனை காலம் அவர் அடிக்கவே இல்லை.

சிரிப்புக் கட்டம் அதற்குப் பிறகுதான்:
வியெனோ கிதார்ப் பெட்டிக்குள்
துடைப்பத்தை ஒளித்து வார்டுக்குள் கடத்துவதும்,
நர்ஸ் அதைப் பிடுங்கித் தரையைக் கூட்டிவிட்டுத் தருவதும்,
போனில் பாட்டு ஓட ஓட
ஹில்லெவி கட்டில் கம்பியை இடிப்பதும்,
அடுத்த கட்டில் கிழவர் ஹியரிங் எயிடைக் கழற்றுவதும்.
அதெல்லாம் ஓலாவிக்கு.

எனக்கு வந்தது நடுவில் ஒரு பதினொரு நொடி.
சுவர் இடிபடுமா என்று
நான்கு பேரும் காத்திருக்கும் பதினொரு நொடி.
"முடி ஆடக் கூடாது" என்றார் இயக்குநர் காலெர்வோ.
நல்லது, சும்மா இருந்தால் சம்பளம்
என்று நினைத்தேன்.

ஒரே தாளை அப்படியே நிறுத்தினால்
படம் பிணமாகிவிடும்.
அசையாத முடியையும்
மூன்று தாளில் மூன்று முறை வரைய வேண்டும்,
ஒன்றுபோல, ஆனால் ஒன்றே ஆகாமல்,
மயிரளவு விலகி.
அப்போதுதான் ஆள் மூச்சுவிடுவது தெரியும்.
என் வேலையிலேயே கனமானது
அந்த ஆடாத முடிதான்.
இர்மெலியுடையதை நான்கு முறை கிழித்துப் போட்டேன்.
அவள் கவலைப்படுகிறாள் என்று
எந்த முகமும் சொல்லவில்லை,
தோளில் கிடந்த ஒரு கற்றைதான் சொல்ல வேண்டியிருந்தது.

நள்ளிரவில் கட்டடத்தில் யாரும் இல்லை.
ரேடியேட்டர் ஒருமுறை டொக் என்றது.

உர்ஹோவின் முடியை,
நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில்,
ஒரே ஒருமுறை
சுவர்ப் பக்கம் சாய்த்தேன்.
திரைக்கதையில் அது இல்லை.

காலெர்வோ அந்த இடத்தை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாதக் கடைசியில்
என் சம்பளச் சீட்டில்
இரண்டு தாள் கூடுதலாக இருந்தது.