இண்டிகேட்டர்

செக்காலை ரோட்டு ஷோரூமில்
பையன் விலையை
என்னைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரிடம் சொன்னான்.
அவர் கூச்சத்தோடு ரோட்டைப் பார்த்தார்.

"பேத்திக்கா ஆச்சி?"
எனக்குப் பேத்தி கிடையாது.
கழனிவாசலில் ஒரு சிநேகிதி இருக்கிறாள்,
சீட்டாட்டத்தில் எனக்கு நூற்றிருபது ரூபாய் பாக்கி.
சிவப்பு இருக்கா என்றேன்.
"உங்களுக்கு கிரே எடுப்பா இருக்கும்."

சிவப்பில்தான் ஏறினேன்.
ஐந்து விளக்கு தாண்டியும்
இடப்பக்கம் மினுக்கிக்கொண்டே போயிருக்கிறது.
பின்னாலிருந்து ஒருத்தன்:
"வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?"

முப்பது வயதில்
கைனடிக் ஹோண்டாவில் பேங்குக்குப் போனபோதும்
இப்படித்தான், அணைக்க மறந்துவிடுவேன்.
அன்றைக்கு அதற்கு
மறதி என்றுதான் பேர்.

அணைத்தேன்.
ஹாரன் அடித்துவிட்டேன் முதலில்,
பிறகு அணைத்தேன்.