பேனாக் கோடு

வஞ்சிர முள் கீறியது,
அவ்வளவுதான் என்றார் தேசப்பன்.
காசிமேட்டில் இதற்கெல்லாம்
யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.
இரண்டு நாள் மஞ்சள். ஒரு நாள் காய்ச்சல்.
பிறகு ஷேர் ஆட்டோவில் ஸ்டான்லி.

இரவு ஒன்பதே காலுக்கு
சிவப்பின் ஓரமாக
நீலப் பேனாவால் கோடு போட்டு
பக்கத்தில் நேரம் எழுதினேன்.
பத்தரைக்குக் கோட்டைத் தாண்டியிருந்தது.
இன்னொரு கோடு.

கணுக்கால். கெண்டைக்கால்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்கூட
ஒரு ராத்திரியில்
இவ்வளவு தூரம் நகர்வதில்லை.

புண் சிறியது, வலி பெரியது.
கை அருகே போனாலே கத்துகிறார்.
எங்களுக்குப் பயம் அதுதான்.

லேபிலிருந்து ஹஸீனா கூப்பிட்டாள்:
"சங்கிலி சங்கிலியா இருக்கு, சிஸ்டர்."
போன மாதம் இதே கிருமி
என் மகனுக்கு
வெறும் தொண்டை வலி.
ஐஸ்கிரீம் கிடையாது என்று திட்டினேன்,
முடிந்தது.

தியேட்டருக்குத் தள்ளும்போது
அவர் மனைவி உடன் ஓடிவந்து கேட்டாள்,
எந்தக் கோட்டில வெட்டுவாங்க?

நான் போட்டது ஐந்து.
ஐந்தாவது முழங்காலுக்கு மேலே,
மை இன்னும் காயவில்லை.

பேனா மூடியைத் தேடுவதுபோல
பாக்கெட்டைத் தடவிக்கொண்டே நடந்தேன்.